நாலாயிரம் பாதங்களும் என் நாத்தனாரும்

என் நாத்தனாரை நானே புகழ்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால், வாயைக் கழுவச் சொல்லியிருப்பேன். என் கணவரின் அக்கா அவர். பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். வாயைத் திறந்தால் குத்தல்தான்.

நான் வளைந்த கால், குட்டைக் கால் என்று அளவெடுத்துச் செருப்புத் தைக்கிறவள். பதினோரு வருஷத்தில் வரைந்த நாலாயிரம் பாதப் படங்கள் என் கம்ப்யூட்டரில் இருந்தன, வேறெங்கும் கிடையாது. அத்தனையையும் முகப்புத் திரையிலேயே பரப்பி வைத்திருந்தேன். கண்ணெதிரே இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

அன்று காலை பாஸ்வேர்டு போட்டதும் திரையில் அம்புக்குறி வட்டமாக மாறிச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்" என்றார். அத்தனை பேரையும் எங்கே தேடிப்பிடித்து மறுபடி அளவெடுப்பது? வேறு வழியில்லாமல் நாத்தனாருக்குப் போன் செய்தேன்.

வந்ததும் கடைக்காரரை அனுப்பிவிட்டார். "அழிக்கிறதுக்கு எதுக்கு மெக்கானிக்? அதை நானே சுத்தியலால செய்வேனே!" எழுத்து மட்டும் தெரியும் கறுப்புத் திரை வழியாக உள்ளே போய்ப் பார்த்தார். "படமெல்லாம் உள்ளதான் இருக்கு. ஏதோ ஒண்ணு கெட்டுப்போயிருக்கும். அதைக் காட்டப் போய் திரை அங்கேயே மாட்டிக்குது."

பாதிப் படங்களை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி தொடங்கினார். சுற்றியது. அப்படியானால் கெட்டது நகர்த்தாத பாதியில்தான். அதிலும் பாதியை நகர்த்தினார். இப்படிப் பன்னிரண்டு தடவை, முகம் சுளிக்காமல். நானாக இருந்தால் நாலாவது தடவையிலேயே பெட்டியைத் தூக்கிப் போட்டிருப்பேன். நடுவில் டீ கொடுத்தேன். "சர்க்கரை போட மறந்துட்டியா, இல்ல மனசு வரலையா?" என்றார்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. குனிந்து பெயரைப் படித்தேன். அது நாத்தனாருடைய இடது கால். முந்தின நாள் மாலை அதைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். "என் செருப்பு எப்ப வரும்?" என்று அவர் மூன்றாவது தடவை போன் செய்த எரிச்சலில், படம் சேமித்து முடிவதற்குள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன்.

ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"அப்ப தப்பு என் வாய் மேலதான்" என்று சிரித்தார். இனித் திறக்கவே முடியாத தன் படத்தை அழித்தார். மற்றவற்றைத் திரும்ப வைத்துத் தொடங்கியதும், அத்தனை பாதங்களும் வரிசையாக வந்து நின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். நான் விடவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, தரையில் அமர்ந்து, மறுபடி அளவெடுக்க அவர் இடது காலை என் மடியில் எடுத்து வைத்தேன்.

"அசையாம இருங்க அண்ணி. மத்தவங்கல்லாம் காத்திருக்கட்டும், முதல்ல உங்களுக்குத்தான் தைக்கப்போறேன்."