தண்டவாளம் இல்லாத ஸ்டேஷன்

பினாங்கில் நான் பதினொரு வருஷம் டிக்கெட் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த ரயில்வே ஸ்டேஷனுக்கு ஒரு நாளும் ரயில் வந்ததில்லை. வர வழியும் இல்லை. கடலோரத்தில் பெரிய கட்டடம், உச்சியில் கடிகாரம், வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து குடிக்கத் தனி இடம், கீழே டிக்கெட் ஜன்னல்கள் என்று எல்லாம் இருந்தன. தண்டவாளம் மட்டும் கிடையாது. இங்கே டிக்கெட் வாங்கி, எதிரே ஜெட்டி என்கிற படகுத்துறையில் ஸ்டீமர் ஏறி, அக்கரையில் பிறை என்கிற ஊரில் இறங்கினால்தான் ரயிலைக் கண்ணால் பார்க்கலாம்.

இதை ஊரில் பெருமையாகப் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கட்டடத்தை நினைத்தாலே குமட்டுகிறது.

என்னுடையது மூன்றாம் வகுப்பு ஜன்னல். கருவாட்டு மூட்டை, பிலாச்சான் என்கிற இறால் விழுதுக் கூடை, கூண்டுக் கோழி, ஈரத் துணி எல்லாம் சேர்ந்து காலை எட்டு மணிக்கே நாற்றம் தொண்டைக்கு வந்துவிடும். சுவரில் இடுப்பளவுக்கு வெற்றிலைச் சாறு. முதல் வகுப்புப் பக்கம் நாளுக்கு இரண்டு தடவை கழுவினார்கள். எங்கள் பக்கத்தை மழைச்சாரல் கழுவினால் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்த அசிங்கம் அது இல்லை.

தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் ஊரிலிருந்து புதிதாக வந்த நம் ஆட்கள், டிக்கெட்டை வேட்டி முடிச்சில் சொருகிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருப்பார்கள். நடுவில் கடல் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். பாம்பனில் கடலுக்கு மேலேயே பாலம் போட்டு ரயில் விட்டதைப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறிய ராமநாதபுரத்து ஆட்களுக்கு அந்தச் சந்தேகம் எங்கிருந்து வரும்? கட்டடம் இருக்கிறது, டிக்கெட் கொடுக்கிறார்கள், ரயிலும் வரும் என்று நம்பி உட்காருவார்கள்.

நாங்கள் சொல்லமாட்டோம். அதுதான் எங்கள் விளையாட்டு. அதற்கு 'ரயில் பார்க்கிறது' என்று பெயரே வைத்திருந்தோம். ஸ்டீமர் புறப்பட முதல் மணி அடித்ததும் அவர்கள் ரயில் வந்துவிட்டதென்று எழுந்து, மூட்டையைத் தலையில் ஏற்றி, வெறும் சுவரை உற்றுப் பார்ப்பார்கள். நாங்கள் ஜன்னலுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவோம். யாருடைய ஜன்னலில் டிக்கெட் வாங்கிய ஆள் இரண்டாம் மணி வரை அசையாமல் இருக்கிறானோ, அந்தக் கிராணிக்கு மற்றவர்கள் கோப்பி வாங்கித் தரவேண்டும். இரண்டாம் மணி அடித்ததும் பியூனை விட்டு அவர்களை ஜெட்டிக்கு விரட்டுவோம். அவர்கள் விழுந்தடித்து ஓடுவதைப் பார்ப்பது விளையாட்டின் பிற்பாதி.

நான் ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் பூசைக்குப் போகிறவன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொய் என்று சில்லறைப் பாவங்களையெல்லாம் ஒப்பித்திருக்கிறேன். இதைச் சொன்னதே இல்லை. இது பாவம் என்று தோன்றவே இல்லை.

ஒரு நாள் காலை நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் வந்தான். இதே தீவில் ஜெலுத்தோங்கில் மாட்டுவண்டி ஓட்டுகிறவன்; வந்த நாளிலிருந்து அக்கரைக்குப் போனதே இல்லை. அவன் தாயும் தம்பியும் அவனுக்குப் பின் கப்பலேறி, அக்கரையில் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள்.

"கிராணி ஐயா, ஆத்தா செத்துப் போச்சுன்னு தம்பி ஆள் விட்டிருக்கான். பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவாங்க. நான்தான் மூத்தவன். ரெண்டு வருசமா போறேன் போறேன்னு போகாமலே இருந்துட்டேன். ரயில் எப்ப வரும் ஐயா?"

மூன்றாம் வகுப்பு ஜன்னலில் தினமும் யாருக்காவது யாராவது செத்துப்போவார்கள். வரிசையை முந்துவதற்குச் சொல்கிற பாட்டு என்றுதான் காதில் வாங்கினேன். "வரும், போய் உக்காரு" என்றேன். பக்கத்து ஜன்னல் கிராணி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அவன் இன்னும் இரண்டு தடவை வந்து கேட்டான். "வரும்னு சொன்னேன்லா, எத்தனை வாட்டி கேப்ப?" என்று எரிந்து விழுந்தேன். முதல் மணிக்கு எழுந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாங்கள் சிரித்தோம். அந்த நேரம் ஒரு தோட்டத் துரையின் மனைவி நான்கு பெட்டிகளோடும் ஒரு நாயோடும் வந்து இறங்கினாள். பியூன் பெட்டி தூக்க ஓடினான். நாய்க்குச் சீட்டு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். நாய்க்குத் தண்ணீர் வைத்தாயிற்றா என்றுகூட நான் விசாரித்தேன். இரண்டாம் மணி அடித்தது காதில் விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் ஸ்டீமர் நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தது. அவன் பெஞ்சில் அப்படியே இருந்தான். கடைசியில் மூட்டை தூக்குகிற சீனக் கூலி ஒருவர்தான் அவன் தோளைத் தட்டி, கடலைக் காட்டி, கையால் துடுப்புப் போடுவதுபோல் ஜாடை செய்தார். அவன் எழுந்து ஜெட்டிக்கு ஓடினான். அடுத்த ஸ்டீமரில் போனால் அவன் தம்பியின் தோட்டத்துப் பக்கம் நிற்கிற ரயில் சாயங்காலம்தான் என்பது எனக்குத் தெரியும். நான் கோப்பி குடித்தேன். ஜெயித்தது நான்.

இருபது நாள் இருக்கும். மத்தியானம் ஜன்னலில் ஒரு மொட்டைத் தலை தெரிந்தது. அவனேதான் என்று அடையாளம் தெரிந்தது. கத்துவான், ஸ்டேஷன் துரையிடம் போய்ச் சொல்லுவான் என்று நினைத்தேன். அவன் கைகூப்பினான்.

"அன்னிக்கு உங்களை ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டேன் ஐயா. படகுல ஏறணும்னு எனக்குத் தெரியல. சரியாக் கேக்காதது என் தப்புதான்."

மூன்று தடவை கேட்டவன் இதைச் சொன்னான். நான் டிக்கெட் கட்டைச் சீர்செய்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போய்ச் சேந்தப்ப இருட்டிருச்சு. தம்பிதான் எல்லாம் செஞ்சான். ஒரு பிடி மண்ணு போடக் குடுத்துவைக்கல. ஆத்தா முகத்தையும் பாக்கல. இனிமே என்னை மாதிரி தெரியாத ஆளு யாராச்சும் உக்காந்திருந்தா, படகுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க ஐயா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவனுக்குப் பின்னால் பெஞ்சில் ஒரு குடும்பம் மூட்டைகளோடு ரயிலுக்குக் காத்திருந்தது. பக்கத்து ஜன்னலில் டிக்கெட் வாங்கிய ஆட்கள்.

"சரி" என்றேன். பக்கத்துக் கிராணியின் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னேன்.