மிக்சிக்காரம்மா சும்மா இருக்கப் போன கதை

"நாலு நாள் சும்மா இருக்கப் போறேன்" என்று ஒரு தாய் சொன்னால் உங்களுக்கு ஏன் சுருக்கென்று கோபம் வருகிறது? வராது என்று மறுக்க வேண்டாம். மிக்சிக்காரம்மா சொன்னபோது அவள் தெருவில் எல்லாருக்கும் வந்தது.

வீட்டு முன்னறையில் மிக்சியும் மின்விசிறியும் பழுது பார்ப்பவள் அவள். ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் மறு கை மகனின் சக்கர நாற்காலிமேல் இருக்கும். மகனுக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் அவனைத் துரை என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாமே அவன் இருக்கும் இடத்துக்கு வந்தாக வேண்டும் அல்லவா! நடக்கவோ பேசவோ முடியாது. வலிப்புக்கு மருந்து, மசித்த சாப்பாடு, படுத்தால் புரட்டிவிட ஒரு ஆள். சிரிக்க மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தகப்பன் லாரி ஓட்டுகிறார், பாதி மாதம் சாலையில்.

இத்தகையவர்களைச் சில நாள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தங்கல் இல்லம் ஒன்று ஊரில் திறந்திருந்தது. வீட்டார் ஓய்வெடுக்கட்டும் என்பதற்காகவே திறந்தது. மிக்சிக்காரம்மாவின் தங்கை உடனே கடற்கரை ஊருக்கு இரண்டு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். துரை பிறந்தபின் அக்காள் ரயிலேறியதே கிடையாது.

சேதி கேட்டு நாத்தனார் வந்து உட்கார்ந்தாள்.

"ஆபரேஷன்னு சொல்லிட்டாவது போயேன். கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லலாம்."

"எனக்கு ஒடம்புல ஒரு கோளாறும் இல்லையே அண்ணி."

"அப்புறம் எதுக்குப் போற?"

"கோளாறு வராம இருக்கத்தான்."

"இவன விட்டுட்டுப் போக பெத்த மனசு எப்படித்தான் கேக்குதோ!"

"கேக்கலதான். அதனாலதான் மனசையும் கையோட ரயில்ல கூட்டிட்டுப் போறேன்."

வயிற்றைக் கிழித்தால்தான் பெண்ணுக்கு விடுப்பு. கடல் பார்க்கக் கிடையாது. தாயைத் தெய்வம் என்று தூக்கி வைப்பதில் ஊருக்கு எவ்வளவு வசதி பாருங்கள்! தெய்வத்துக்குத் தூக்கம் வேண்டாம், முதுகு வலிக்காது, மாற்று ஆள் கேட்காது. மகன் நிலைமைக்கு இதே ஊர் "விதி" என்று பெயர் வைத்தது. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். எப்படியும், விதி ஒரு நாள்கூட வந்து துரைக்கு டயப்பர் மாற்றியதில்லை.

ஆனால் தெருவையும் நாத்தனாரையும் சமாளித்த அவளால் மகனின் வாயைச் சமாளிக்க முடியவில்லை. போன மாதமே ஒருமுறை இல்லத்தில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். துரை உதட்டைப் பூட்டிக்கொண்டான். சாப்பிடாத ஆளை வைத்துக்கொள்ள முடியாது என்பது இல்லத்தின் விதிமுறை. ரயில் நிலையத்திலிருந்தே திரும்பி வந்தாள். இந்த முறை ஏற்பாடு வேறு: மதியச் சாப்பாட்டைத் துரை சாப்பிட்டால் பிற்பகல் ரயில், சாப்பிடாவிட்டால் பையோடு வீடு.

இல்லத்து நர்ஸ் கிண்ணத்தோடு எதிரே அமர்ந்தார். அக்காளும் தங்கையும் பக்கத்து அறையில், திறந்த கதவோரம்.

"செல்லக்குட்டி, ஆ காட்டுங்க பார்ப்போம்..."

செல்லக்குட்டி காட்டவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது, முகவாய் லேசாகத் தாழ்ந்திருந்தது, கரண்டியும் வீட்டிலிருந்து கொண்டுவந்ததே. மிக்சிக்காரம்மா சொல்லிக்கொடுத்த எதையும் நர்ஸ் விடவில்லை. உதடுகள் மட்டும் அசையவில்லை.

இல்லத்தில் உதவியாளராக இருந்தவர் முன்பு பேருந்தில் வேலை பார்த்தவர். எல்லாருக்கும் அவர் இன்னும் கண்டக்டர்தான். அவர் கதவருகே வந்தார்.

"வீட்டுல ஊட்டும்போது என்னம்மா பேசுவீங்க?"

"என்ன பேசுவேன்... அன்பாத்தான்."

தங்கைக்குச் சிரிப்பு பீறிட்டது. "அக்கா! வாய் கூசாம பொய் சொல்றியே!"

"நீ சும்மா இருடி."

"சார், இவ ஊட்டுற நேரத்துல தெருவே காதப் பொத்திக்கும். திட்டுன்னா திட்டு, அப்படித் திட்டு!"

மிக்சிக்காரம்மாவின் முகம் சிவந்தது. மருந்து, சாய்மானம், தொண்டைக்குழி எல்லாம் சொன்னவள் இதை மட்டும் விழுங்கியிருந்தாள். பெற்ற பிள்ளையைத் திட்டுகிறவள் என்று இல்லத்தில் எழுதி வைத்துவிட்டால்? பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டால்? ஊர் செய்து கொடுத்த தெய்வ வேஷத்தை அவளும் கொஞ்சம் போட்டுத்தான் வந்திருந்தாள்.

கண்டக்டர் சிரிக்கவில்லை. "திட்டிக் காட்டுங்கம்மா. கத்துக்கிறோம்."

அவள் தயங்கினாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்து போய் மகன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னடா மூஞ்சி அது? ஜாம் ஆன மிக்சி மாதிரி! தொரை அப்படி என்ன வெட்டி முறிச்சீங்க, வாயத் தெறக்கக்கூட நேரமில்லாம? கழுதைக்கு மீசை வந்தாச்சு, இன்னும் ஆயி வந்து கெஞ்சணுமா?"

துரையின் தோள்கள் குலுங்கின. வாய் கோணி, விரிந்து, சத்தமாகச் சிரித்தான்.

"இப்ப ஊட்டிடாதீங்க, புரையேறும்" என்றாள் அவள் நர்ஸிடம். "சிரிப்பு அடங்கட்டும். வாய் அப்படியே தெறந்திருக்கும், பாருங்க... இப்ப!"

ஒரு கரண்டி போயிற்று. தொண்டை ஏறி இறங்கியது.

அடுத்து நர்ஸ் முயன்றார். "நீங்க ரொம்ப... குறும்பு பண்றீங்க" என்பதற்குமேல் அவருக்கு வரவில்லை. துரை அவரை இரக்கத்தோடு பார்த்தான். கண்டக்டர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். கரண்டியிலிருந்த சாப்பாட்டைப் பார்த்துக் கத்தினார்:

"ஏய், படிக்கட்டுல என்ன மாநாடா? உள்ள அவ்ளோ எடம் காலியாக் கெடக்கு, வாசல்லயே நின்னா எப்படி? நகருய்யா உள்ள!"

துரை கண்ணில் நீர் வரச் சிரித்தான். அடங்கியதும் வாய் திறந்தபடியே இருந்தது. கிண்ணம் காலியாயிற்று.

மிக்சிக்காரம்மாவுக்கு ஒரு கணம் ஏனோ வலித்தது. என் கையில்லாமலும் சாப்பிடுகிறானே. அடுத்த கணம் அதே நினைப்பு உடம்பை இலேசாக்கியது.

"வரேன்டா கழுதை" என்று அவன் தலையைக் கலைத்துவிட்டுப் பையை எடுத்தாள்.

ரயில் ஊரைத் தாண்டியதும் கண்டக்டர் போனில் அழைத்தார். "ஒரு சிக்கல்மா." அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "துரை நல்லாருக்காரு. பக்கத்துக் கட்டில் பொண்ணு இப்ப கரண்டியத் தட்டிவிடுது. அதையும் திட்டணுமாம்."

சிரித்துவிட்டு ஜன்னலோரம் சாய்ந்தாள். "என்னக்கா பண்ற?" என்றாள் தங்கை.

"ஒண்ணும் பண்ணல. எவ்ளோ நல்லாருக்கு தெரியுமா!"

இந்த ஓய்வு யாரும் போட்ட பிச்சையில்லை, அவளுக்குச் சேர வேண்டியது. அந்த இல்லத்தில் இருப்பதோ இரண்டே கட்டில்கள். ஊரில் காத்திருக்கும் வீடுகள் எத்தனை என்று யாரும் கேட்டதுகூட இல்லை. ஆகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கம் புரட்டாதீர்கள். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. நாளைக்கே கதவைத் தட்டுங்கள். "நீங்க தெய்வம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். "உங்களுக்கு எப்போ ஓய்வு?" என்று கேளுங்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போய், தங்கல் இல்லம் எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று எழுத்தில் வாங்காமல் அங்கே உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.