எழுத்து அதிகமுள்ள டாக்டர்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒன்பதாவதை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கணக்கில் ஒரு வருடம் கூடுதல் படிப்பு. அதனால் அய்யாவின் நாக்கில் வந்த புண் ஆறாமல் கிடந்தபோது, அருப்புக்கோட்டையில் டாக்டர் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஒரே தெருவில் மூன்று போர்டுகள். பெயருக்குப் பின்னால் இருப்பது என்ன படிப்பென்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்து ஆட்கள் செய்வதையே நானும் செய்தேன். எழுத்துகளை எண்ணினேன். ஒன்றில் ஆறு, ஒன்றில் ஏழு, கடைசியில் பத்தொன்பது.

"இவருதான்யா. மத்தவுக எல்லாம் என்னைய மாதிரி பாதியில விட்டவுக" என்றேன். அய்யா சிரித்தார்.

அந்த டாக்டர் புண்ணுக்குத் தடவ மருந்து கொடுத்தார், சத்து மாத்திரை கொடுத்தார். ஆடியில் போனோம், தையும் வந்துவிட்டது. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் மதுரைக்குப் போனோம்.

புற்றுநோய் டாக்டர் சின்ன வயதுப் பெண். கதவில் ஒன்பதே எழுத்து.

"எத்தன வருசம்மா படிச்சீக?" என்று கேட்டே விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "டாக்டர் படிப்பு அஞ்சரை வருஷம். ஆபரேஷனுக்கு மூணு. அதுக்கு மேல கேன்சர் ஆபரேஷனுக்கு மட்டும் மூணு." பழைய மருந்துச் சீட்டைப் புரட்டினார். "இவர் படிச்சது முதல்ல சொன்ன அஞ்சரை வருஷம் மட்டும்தான். மத்ததெல்லாம் சில மாசத்துல வாங்குற சர்டிபிகேட். அப்பவே இங்க அனுப்பியிருக்கணும். யார் இவர்கிட்ட கூட்டிட்டுப் போனது?"

"எம் மகன்தான் தாயி" என்றார் அய்யா, பெருமையாக. "போர்டெல்லாம் படிச்சுப் பாத்துத்தான் கூட்டிப் போனான்."

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பேன். அன்றைக்கு மருந்துச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

ஆடியிலேயே வந்திருந்தால் ஓரத்தில் கொஞ்சம் வெட்டினால் போதுமாம். இப்போது நாக்கில் பெரும்பகுதி போக வேண்டும். "உயிரைக் காப்பாத்தப் பாக்குறோம். பேச்சுக்கு என்னால வாக்குக் கொடுக்க முடியாது." திங்கட்கிழமை ஆபரேஷன். அன்று வியாழன்.

அய்யாவால் என்னை வைய முடிகிற நாள், அன்றையும் சேர்த்து நான்குதான்.

திரும்பும் பஸ்ஸில் சொன்னேன். "அய்யா, நான் ஒன்னும் படிக்கல. எழுத்த எண்ணித்தான் பாத்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நாலு வார்த்த வையிங்கய்யா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காரியாபட்டி போனது. பாளையம்பட்டியில் பாதி பஸ் இறங்கியது. அவர் வாயைத் திறக்கவே இல்லை. மிச்சமிருந்த பேச்சில் ஒரு நாள் அப்படியே போனது.