பழகின கை

கறிக்கடைக்காரர் முப்பது வருஷமாக ஆடு அறுக்கிறவர். அதனால்தான், லாரி மோதி இடுப்பொடிந்த மான் ஒன்று ரோட்டோரம் கிடந்து துடித்தபோது, எல்லோரும் அவரை இழுத்து வந்தார்கள். மிருக டாக்டர் வர சாயங்காலமாகுமாம்.

"உங்களுக்குப் பழகின கைதானே அண்ணே, முடிச்சு விட்டுடுங்க" என்றார் கூட்டத்தில் நின்ற மெக்கானிக் ஒருவர்.

ஆட்டின் கண்ணை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. மானோ அவரையே பார்த்தது. பிழைக்காது என்று தெரிந்தும் கை ஒரு நொடி தயங்கியது. பிறகு அறுத்தது. ஞாயிறு தவறாமல் அவரிடம் கறி வாங்குகிற அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் கை கழுவத் தண்ணீர் ஊற்றக்கூட ஒருத்தரும் கிட்டே வரவில்லை.

வீட்டில் மனைவி தினமும் கேட்பதைக் கேட்டாள். "இன்னைக்கு எத்தனை அறுத்தீங்க?"

கடையில் எட்டு ஆடு அறுத்திருந்தார்.

"ஒண்ணு" என்றார்.