என் படகு விற்பனைக்காம்

எதிர் வீட்டு வித்யா இன்று காலை போனோடு ஓடி வந்தாள். "ஆன்ட்டி, இது உங்க போட்தானே?"

பழைய பொருட்கள் விற்கும் இணையப் பக்கத்தில், சேக்காட்டில் என் வீட்டு வாசலில் நிற்கும் அதே மோட்டார் கேடமரன், இரட்டை அடிப்பாகப் படகு. அவர் போன பிறகு, பழைய பெயின்டைச் சுரண்டி, இரண்டு அடிப்பாகங்களுக்கும் நானே புதிதாக அடித்தது. டிரெய்லரோடு சேர்த்து விற்பனைக்காம்.

விளம்பரம் போட்டிருப்பவன் என் மகன் பிரகாஷ்.

ஞாயிறு தவறாமல் வந்து என்னோடு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவன். பொங்கலுக்குப் பழவேற்காட்டில் இறக்கிவிடலாம் என்று சொன்னவன். அப்பாவின் ஆசைக்காகச் செய்கிறான் என்று இதே வலைப்பக்கத்தில் பெருமையாக எழுதினேனே!

வித்யா தன் அண்ணன் பேரில் விசாரித்தாள். உடனே பதில் வந்தது.

"டிரெய்லர் பக்கா கண்டிஷன் சார். போன வாரம்தான் பேரிங்குக்கு கிரீஸ் வெச்சேன்."

"வீட்ல எல்லாருக்கும் சம்மதமா?"

"அம்மாவுக்கு இன்னும் தெரியாது சார். செவ்வாய்க்கிழமை கண் டாக்டர்கிட்ட போறாங்க. அப்ப வந்து இழுத்துட்டுப் போயிடுங்க. அப்புறம் நான் பேசிக்கிறேன்."

அந்த டாக்டரிடம் எனக்கு நேரம் வாங்கித் தந்ததும் அவன்தான்.

மதியம் பஞ்சர் கடைக்காரரை வரவழைத்தேன். டிரெய்லரின் சக்கரங்கள் இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

செவ்வாய்க்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். படகை இழுத்துப் போக யார் வந்தாலும் கட்டாயம் காபி உண்டு. கூட என் மகன் வந்தால் அவனுக்கும் கொடுக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.