இது என்ர சப்பாத்து இல்லை

பிரான்சிலிருந்து அண்ணா அனுப்பிய ஓட்டச் சப்பாத்தின் அடி விட்டுப்போனதால், வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் தைக்கக் கொடுத்திருந்தேன். நாளைக்கு எனக்கு மாவட்ட ஓட்டப்போட்டி.

இன்று எடுக்கப் போனேன். கடைக்காரர் பளபளவென்று ஒரு சோடியைத் தந்தார்.

“புதுசு மாதிரி ஆக்கிப்போட்டன், தங்கச்சி.”

அடியை வளைத்துப் பார்த்தேன். பலகை போல விறைத்து நின்றது. உள்ளே பசை மணத்தது. சப்பாத்தின் நாக்கைத் தூக்கினால், கம்பனிப் பெயரில் ஓர் எழுத்தைக் காணவில்லை.

“அண்ணை, இது என்ர சப்பாத்து இல்லை. இது போலிச் சாமான்.”

“வெளிநாட்டுச் சாமானைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?”

“என்ர காலைப் பற்றித் தெரியும். ஒரு வருசமா அதைப் போட்டுத்தான் ஓடுறன்.”

கடையில் காத்திருந்த அக்கா ஒருவர் அதை என் கையிலிருந்து வாங்கி, கம்பனிப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“ஓம், ஒரு எழுத்துக் குறையுதுதான்,” என்றவர், தான் கொடுத்த சப்பாத்தையும் உடனே காட்டச் சொன்னார்.

கடைக்காரர் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் என்னுடையது இருந்தது.

“மாறிப்போச்சு, தங்கச்சி.”

அங்கேயே போட்டுக்கொண்டு வீடுவரை ஓடியே வந்தேன்.

ஆனால் தையல் அருமை. அடுத்த முறை விட்டுப்போனால் அவரிடமே கொடுக்கலாமா? நீங்களே சொல்லுங்கோ.