பனிமூட்டத்துக்குள் போன என் வீட்டுக்காரர்

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு மத்தியானம். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம் உண்டு. அங்கே காயவைத்த ஏலக்காயை மூட்டை கட்டி, எங்கள் பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் போடிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம்.

நான் ராசிங்காபுரத்தில் பிறந்தவள். மலையைத் தூரத்தில் பார்த்தபடி சமதரையிலேயே வளர்ந்ததால், அந்த மலை ரோடு எனக்குக் கடைசிவரை பழகவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கண்ணை மூடிக்கொள்வேன். அவர் அதைக் கேலி செய்ததே கிடையாது. வளைவு வரும்போதெல்லாம் ஏதாவது பேச்சுக் கொடுத்து என் நினைப்பை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

வழியில் யார் கை காட்டினாலும் ஜீப்பை நிறுத்துகிற மனுஷன் அவர். கல்யாணமான புதிதில் எனக்கென்று வாங்கி வந்த பூவில் பாதியை, வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கிள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது மாதக்கணக்கில் அடுப்படி அவர் கையில்தான் இருந்தது. ரசத்தில் உப்பு தூக்கலாக இருக்கும். ஆனாலும் நான் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அன்றைக்குப் பாதி மலை இறங்கியிருப்போம். பனிமூட்டம் திடீரென்று ரோட்டை மூடிவிட்டது. அவர் முன்விளக்கைப் போட்டு ஜீப்பை ஊர்ந்துபோகிற மாதிரி ஓட்டினார். ஒரு வளைவில் சட்டென்று பிரேக் போட்டார். எதிரே கீழிருந்து ஏறிவந்த ஒரு கார், சேற்றில் வழுக்கி, ஓரச்சுவர் இடிந்திருந்த இடத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் இருந்தன. கார் லேசாக ஆடியது. உள்ளேயிருந்து ஒரு குழந்தை அழுகிற சத்தம்.

முன்சீட்டில் ஓர் இளவயதுப் புருஷன் பெண்டாட்டி. அந்தப் பெண்ணின் மடியில் கைக்குழந்தை. பின்சீட்டில் அந்தப் புருஷனின் அம்மா. அந்த அம்மா இறங்கப் பார்த்து கதவில் கை வைத்ததும், என் வீட்டுக்காரர் ஓடிப்போய் தடுத்துவிட்டார். பின்னால் கனம் குறைந்தால் கார் முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும், அசையாமல் உட்காருங்கள் என்று சொன்னார். செல்போனில் சிக்னல் இல்லை. தோட்ட வேலைக்குப் போன ஜீப்புகள் சாயங்காலம்தான் இறங்கும். எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை.

அவர் ஜீப்பைத் திருப்பி, முன்பக்கம் மலையைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினார். எங்களிடம் இருந்த தடிமனான கயிற்றால் ஜீப்பின் பின்பக்கத்தையும் காரின் பின்பக்கத்தையும் சேர்த்துக் கட்டினார். இழுத்துவிடலாமே என்றேன். சேற்றில் சக்கரம் சுற்றும், வெட்டி இழுத்தால் கயிறு அறுந்துவிடும் என்றார். ஜீப்பின் பின்சக்கரங்களுக்கு அடுத்தடுத்துக் கல் வைத்தார். கியரில் போட்டு எஞ்சினை நிறுத்தினார். எங்கள் ஜீப்பின் ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. அதற்கப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“இந்தா, நீ ஏறி உக்காந்து பிரேக்க அமுக்கிக்க. நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காத.”

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததுகூட இல்லை. என்னால் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் காலைப் பிடித்துத் தூக்கி பிரேக் மேல் வைத்தார்.

“ஜீப்பு பின்னால நகண்டுச்சுன்னா, எதையும் பாக்காத. குதிச்சிரு.”

சொல்லிவிட்டுப் பனிக்குள் போய்விட்டார்.

எனக்கு முன்னால் ஈரப் பாறை. பின்னால் நடப்பதைக் கண்ணாடியில்தான் பார்க்க முடியும். அதிலும் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து என் மடியில் எதையோ வைத்தார். அந்தக் குழந்தை! ஒரு கையால் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பிறகு அந்தப் பெண்ணை முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்கு மெல்ல வரச் சொல்கிற சத்தம் கேட்டது. அடுத்து அவள் புருஷன்.

அவன் நகர்ந்தபோதுதான் அது நடந்தது. கயிறு விறைத்து முறுகும் சத்தம். ஜீப் குலுங்கியது. கல் நசுங்கும் ஓசையோடு பின்னால் இழுபட ஆரம்பித்தது.

குதிச்சிரு என்று அவர் சொன்னது காதில் கேட்கிறது. குழந்தையோடு நான் குதித்துவிட முடியும். ஆனால் நான் காலை எடுத்தால் கார் போய்விடும், காருக்குள் பாதி உடம்பை நீட்டிக்கொண்டிருக்கிற அவரும் போய்விடுவார். இதையெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். உடம்பு முழுக்க அந்த ஒரு காலுக்கு இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. பல்லைக் கடித்து மிதித்தேன். எங்கள் ஊர் அம்மன் பெயரைக்கூட வாய் சொல்லவில்லை. ஒரு முழ தூரம் வழுக்கிய ஜீப், அடுத்த கல்லில் முட்டி நின்றது.

புருஷனும் பெண்டாட்டியும் இறங்கிவிட்டார்கள். அந்தப் பெண் தவழாத குறையாக வந்து என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் அந்த அம்மா மட்டும் பாக்கி. பயத்தில் முன்சீட்டைக் கட்டிப் பிடித்தபடி விறைத்துப்போயிருந்தார்களாம். எவ்வளவு கூப்பிட்டும் கையை விடவில்லை. என் வீட்டுக்காரர் காருக்குள்ளேயே ஏறிவிட்டார்.

“ஆத்தா, சீட்ட விட்டுட்டு என் கழுத்தப் பிடிச்சுக்கங்க. என்னைய உங்க மகனா நெனைச்சுக்கங்க.”

அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. என் கால் மரத்துப்போயிருந்தது. பிரேக்கில் இருப்பது என் கால்தானா என்பதே தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்க்கவும் பயம். கூப்பிட்டு, பதில் வராவிட்டால் என்ன செய்வது? இருபத்தைந்து வருஷம் ஒன்றாகப் பிழைத்த மனுஷன் பத்தடி தூரத்தில் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரம், என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம்.

கண்ணாடியில் வெள்ளைக்குள் ஏதோ கறுப்பாக அசைந்தது. அந்த அம்மாவை முதுகில் சுமந்தபடி அவர் வந்துகொண்டிருந்தார்.

நான் அழவில்லை. காலை எடுக்கலாமா என்று மட்டும் கேட்டேன். இன்னும் கொஞ்சம் கல் வைத்துவிட்டு, எடுக்கச் சொன்னார். எடுக்க முடியவில்லை. அவரே குனிந்து என் காலைத் தூக்கி விட்டார். பிறகு தோட்ட ஆட்களோடு ஒரு ஜீப் வந்தது. எல்லாருமாகச் சேர்ந்து காரைப் பின்னால் இழுத்துவிட்டார்கள்.

மலையடிவாரத்தில் முந்தல் கிராமத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அவர் கை நடுங்கி, டீ டம்ளரிலிருந்து சிந்திக்கொண்டே இருந்தது. நான் வாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தேன். பயமே இல்லாத மனுஷன் என்று அதுவரை அவரை நினைத்திருந்தேன். இவ்வளவு பயந்தவர் ஏன் உள்ளே ஏறினீர்கள் என்று கேட்டேன்.

“எனக்கே இப்படி இருந்துச்சுன்னா, உள்ள இருந்த ஆத்தாவுக்கு எப்படி இருந்திருக்கும்.”

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் அதைப் பற்றி யாரிடமும் பெரிதாகப் பேசியதில்லை.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனதும், கதவுக்கு வெளியே அதே பயம் என்னைப் பிடித்தது. இந்தத் தடவை மிதிக்க ஒன்றும் இல்லை. பக்கத்து நாற்காலியில் கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன மாதிரி ஒரு பெண், தனியாக உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் புருஷன். நான் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் வெளியே வந்து என்னைத்தான் கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போய்விட்டார். பயம் போகவில்லை, தனியாக இருக்கிறவளுக்கு அது இன்னும் கூடத்தான் செய்கிறது. ஆனால் அது வருகிறபோதெல்லாம், என்னைவிட அதிகமாகப் பயந்துபோன யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று என் கண் தானாகத் தேடுகிறது. அந்த நேரத்தில் மட்டும் அவர் என்னோடு இருக்கிற மாதிரியே இருக்கிறது.